நான்கு சொல்லுக்கா நடுக்கம்?

இங்கிலீஷ் என்றதும் உன் நாக்கு ஏன் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது?

இன்டர்வியூவில் பெயர் கேட்கிறார்கள். சொல்லிவிடுகிறாய். ஊர் கேட்கிறார்கள். பாண்டிச்சேரி என்று சொல்லிவிடுகிறாய். "இதற்கு முன் எங்கே வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். அங்கே நின்றுபோகிறாய்!

ஏன்? வேலை பார்த்தது நீதானே? சேதராப்பட்டு கம்பெனியில் நைட் ஷிப்டு பார்த்து வெளுத்த கண் உன்னுடையதுதானே? நேரு வீதிக் கடையில் காலை முதல் இரவு வரை நின்று வீங்கிய கால் உன்னுடையதுதானே?

அத்தனை உழைப்பையும் சொல்ல உனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு சொல். ஒர்க்ட்!

உழைக்கத் தெரிந்த உனக்கு, உழைத்தேன் என்று சொல்லத் தெரியாதா?

தெரியும். பயப்படுகிறாய், அவ்வளவுதான்.

அந்தப் பயத்தை இன்றைக்கு எண்ணிப் பார்த்துவிடலாம் வா. மொத்தம் எத்தனை என்று எண்ணிவிட்டால் எதுவும் பூதமாகத் தெரியாது.

இங்கிலீஷில் ஒரு ரெகுலர் வெர்பை எடுத்துக்கொள். அதற்கு எத்தனை வடிவம்? ஒர்க், ஒர்க்ஸ், ஒர்க்ட், ஒர்க்கிங். நான்கு! ஐந்தாவது கிடையாது.

ஹெல்ப், கால், வெயிட், ஸ்டார்ட், ஃபினிஷ், ஓப்பன், குளோஸ்… ஆயிரக்கணக்கான வினைகள். எதை எடுத்தாலும் இதே நான்கு.

இப்போது உன் தாய்மொழிக்கு வா.

செய்தேன், செய்தோம், செய்தாய், செய்தீர்கள், செய்தான், செய்தாள், செய்தார், செய்தார்கள், செய்தது, செய்தன. எண்ணினாயா? இறந்தகாலத்துக்கு மட்டும் பத்து! நிகழ்காலத்தையும் எதிர்காலத்தையும் சேர்த்தால் முப்பதை நெருங்கும்.

அதோடு விட்டதா? இறந்தகாலத்தைக் காட்ட த், ட், ற், இன் என்று நான்கு இடைநிலைகளை நன்னூல் சொல்கிறது. எந்த வினைக்கு எது வரும்? ஓடு என்றால் ஓடினேன். போடு என்றால் போட்டேன். இரண்டும் 'ஓடு' என்றுதானே முடிகின்றன? என்றைக்காவது "சோறு போடினேன்" என்று உளறியிருக்கிறாயா?

இல்லை! மூன்று வயதில் மண்ணில் விளையாடிக்கொண்டே இத்தனையையும் கற்றுக்கொண்டாய். டியூஷன் வைத்தார்களா? கைடு வாங்கிக் கொடுத்தார்களா?

முப்பதை விளையாட்டாகக் கையாளும் நீ, நான்கைக் கண்டு நடுங்குகிறாயே. இது அடுக்குமா?

"நான் தமிழ் மீடியம்" என்று இனிமேல் தலையைக் குனிந்துகொண்டு சொல்லாதே! இங்கிலீஷ் வினையைவிடச் சிக்கலான வினையைத் தூக்கத்தில்கூடத் தவறில்லாமல் பேசுபவன் நான் என்று அதற்கு அர்த்தம். நிமிர்ந்து சொல்!

"அது தாய்மொழி. அந்நிய மொழி வேறு விஷயம்" என்கிறாயா?

நீ எந்த ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்கிறாய் என்று யோசித்தாயா?

உன் தெருப் பலகையைப் பார். தமிழில் ஒரு பெயர், பிரெஞ்சில் ஒரு பெயர். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் முடிந்தது. அதுவரை இந்த ஊரில் அரசாங்கம் பேசிய மொழி என்ன? பிரெஞ்சு!

அந்தப் பிரெஞ்சின் வினை எப்படிப்பட்டது? பேசு என்ற ஒரு வினைக்கு, நிகழ்காலத்தில் மட்டும் எழுத்தில் ஐந்து விதம். அதுவும் ஒழுங்கான வினைக்கு! அப்புறம் கடந்த காலம், எதிர்காலம், விருப்பம், ஐயம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடுக்கு.

அதை யார் கற்றார்கள்? துரைமார் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமா?

சொல்தாக்களைக் கேள்விப்பட்டதில்லையா நீ? பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்த இந்த ஊர்த் தமிழர்கள். இந்தோசீனாவரை போய் வந்தவர்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு இதே தெருக்களில் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள்.

அவர்கள் பண்டிதர்களா? சாதாரண வீட்டுப் பிள்ளைகள்! அதிகாரி கத்துகிறான். புரியாவிட்டால் அடி. புரிந்துகொண்டார்கள். பேசினார்கள். பிழைத்தார்கள்.

உன் தாத்தா காலத்து ஆள் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு பிரெஞ்சு வினையை மடக்கினார். நீ ஏசி அறையில் இங்கிலீஷ் வினைக்கு மயங்கி விழுகிறாயா?

வா, வேலையில் இறங்குவோம்.

முதல் வடிவம் ஒர்க். ஐ ஒர்க். யூ ஒர்க். வீ ஒர்க். தே ஒர்க். மாற்றமே இல்லை!

இரண்டாவது ஒர்க்ஸ். ஹி, ஷி, இட் வந்தால் மட்டும் வாலில் ஒரு எஸ். "மை ஃபாதர் ஒர்க்ஸ்." அந்த ஒரு எஸ்ஸை மறப்பதால்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். அதை மட்டும் கெட்டியாகப் பிடி!

மூன்றாவது ஒர்க்ட். இறந்தகாலம். நானா, நீயா, அவனா, அவளா, அவர்களா? எல்லோருக்கும் ஒரே வடிவம்! ஆண்பால் பெண்பால் தகராறு இல்லை. ஒருமை பன்மை தகராறு இல்லை. இதைவிட எளிதாக எவன் உனக்கு மொழி செய்து கொடுப்பான்?

"ஒர்க்கெட்" என்று இழுக்காதே. ஒர்க்ட். ஹெல்ப்ட். கால்ட். ஒரே மூச்சு! வெயிட், ஸ்டார்ட், நீட் என்று டி ஓசையில் முடியும் வினைகளுக்கு மட்டும் ஓர் அசை கூடும். வெயிட்டட். ஸ்டார்ட்டட். நீடட். ஓசை விதி இவ்வளவுதான்!

நான்காவது ஒர்க்கிங். நடந்துகொண்டிருப்பதைச் சொல்ல.

"நான்கு வடிவம் சரி. டென்ஸ் பன்னிரண்டு என்கிறார்களே?" என்று இழுக்கிறாயா?

பன்னிரண்டும் இந்த நான்கில்தான் அடக்கம். முன்னால் துணைவினை ரயில் என்ஜின் மாதிரி போகும். காலத்தை இழுப்பது அதன் வேலை. உன் வினை பின்னால் பெட்டியில் உட்கார்ந்திருந்தால் போதும்.

ஐ ஒர்க். ஐ ஆம் ஒர்க்கிங். ஐ ஹேவ் ஒர்க்ட். ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங். நிகழ்காலம் முடிந்தது!

ஐ ஒர்க்ட். ஐ வாஸ் ஒர்க்கிங். ஐ ஹேட் ஒர்க்ட். ஐ ஹேட் பீன் ஒர்க்கிங். இறந்தகாலம் முடிந்தது!

ஐ வில் ஒர்க். ஐ வில் பீ ஒர்க்கிங். ஐ வில் ஹேவ் ஒர்க்ட். ஐ வில் ஹேவ் பீன் ஒர்க்கிங். எதிர்காலமும் முடிந்தது!

உரக்கப் படித்தாயா? கண்ணால் மட்டும் மேய்ந்தாயா? மேய்ந்திருந்தால் திரும்பிப் போ. வாயைத் திறந்து படி!

இரண்டு இடத்தில் எச்சரிக்கையாக இரு.

"ஐ டிட் நாட் ஒர்க்ட்" என்று சொல்லாதே. டிட் வந்தபோதே இறந்தகாலம் வந்துவிட்டது. அதையே இன்னொரு முறை எதற்கு வாலில் ஒட்டுகிறாய்? "ஐ டிட் நாட் ஒர்க்." போதும்.

"ஐ ஆம் வெயிட்டிங் சின்ஸ் மார்னிங்" என்று சொல்லாதே. காலையில் தொடங்கியது இன்னும் ஓயவில்லை என்றால், "ஐ ஹேவ் பீன் வெயிட்டிங்". தொடக்கமும் தொடர்ச்சியும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன பார்!

இப்போது காலத்தை விடு. வினையின் மனநிலைக்கு வா. மூட் என்கிறார்கள் இலக்கணத்தில். உன் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

நீ தினமும் என்ன புலம்புகிறாய்? "நான் மட்டும் இங்கிலீஷ் மீடியத்தில் படித்திருந்தால் தேறியிருப்பேன்."

அதை இங்கிலீஷில் சொல் பார்க்கலாம். "இஃப் ஐ ஹேட் ஸ்டடீட் இன் இங்கிலீஷ் மீடியம், ஐ வுட் ஹேவ் பாஸ்ட்."

இது எந்த வகை வாக்கியம் தெரியுமா? மூன்றாம் நிபந்தனை வாக்கியம். நடக்காமல் போனதை மட்டும் பேசுவது. இனி திருத்த முடியாததை மட்டும் பேசுவது.

நீ இத்தனை வருஷமாகக் குடியிருப்பது அந்த வாக்கியத்துக்குள்தான்!

ஒன்று கவனி. ரெகுலர் வெர்பில் பலரும் தடுக்கி விழும் அமைப்பு இதுதான். ஹேட் ஸ்டடீட். வுட் ஹேவ் பாஸ்ட். இந்தப் புலம்பலை இங்கிலீஷில் பிழையில்லாமல் சொல்லத் தெரிந்துவிட்டால், புலம்ப உனக்குக் காரணமே இருக்காது!

அங்கிருந்து கிளம்பு! ஒரு படி இறங்கு. "இஃப் ஐ ஸ்டடீட், ஐ வுட் பாஸ்." படித்தால் தேறலாம், ஆனால் படிக்கப்போவதில்லை என்ற தொனி. இதுவும் வேண்டாம்.

இன்னும் ஒரு படி இறங்கு. "இஃப் ஐ ஸ்டடி, ஐ வில் பாஸ்." இங்கே நில்! காலடியில் தரை தட்டுகிறதா? இது நடக்கக்கூடியதைப் பேசும் வாக்கியம். ஹேட் போனது. வுட் போனது. வாக்கியம் சுருங்கிவிட்டது. சாக்கும் சுருங்கிவிட்டது!

அடுத்தது வாழ்த்து. "காட் பிளெஸ் யூ" என்கிறாயே, பிளெஸ்ஸஸ் என்று ஏன் சொல்வதில்லை? அது வாழ்த்து. அங்கே எஸ் வராது. வாழ்க, வருக, வெல்க என்று நாம் யாரை வாழ்த்தினாலும் வடிவம் மாறுகிறதா? மாறாது. வியங்கோள் வினை என்று தமிழாசிரியர் நடத்தினாரே! பள்ளிக்கூடத்தில் பாதி இங்கிலீஷைத் தமிழிலேயே படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாய்.

கடைசியாகக் கட்டளை. ஏவல் வினை. அதற்கு என்ன வடிவம்? ஒன்றும் சேர்க்க வேண்டாம். எஸ் வேண்டாம். துணைவினை வேண்டாம். எழுவாய்கூட வேண்டாம். ஒர்க்!

மொழியிலேயே மிகச் சின்ன வாக்கியம் கட்டளைதான். அதை நீ உனக்கே என்றைக்காவது போட்டிருக்கிறாயா? மற்றவன் ஏவினால் ஓடுகிறாய். உன்னை நீ ஏவ மாட்டாயா?

"தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே!"

சிரிக்கட்டும்! சிரித்தால் என்ன குறைந்துவிடும் உனக்கு?

1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் சின்னக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார். இல்லாத சொற்களை அவரே உண்டாக்கினார். "இந்த ஆளுக்கு ரிக் செய்யத் தெரியும். நேற்றும் அதையே செய்தார். நேற்று என்ன செய்தார்?" என்று கேட்டார். அந்தச் சொல்லை அந்தக் குழந்தைகள் கேட்டதே இல்லை. ஆனாலும் பெரும்பாலான குழந்தைகள் "ரிக்ட்" என்றார்கள்!

மனப்பாடமா செய்தார்கள்? விதியைப் பிடித்துக்கொண்டார்கள்! அதே விதியை வைத்துக்கொண்டு, வென்ட் என்று சொல்ல வேண்டிய இடத்தில் "கோட்" என்று இங்கிலீஷ்காரக் குழந்தைகள் தப்பும் செய்யும். அந்தத் தப்பு எதைக் காட்டுகிறது? மூளை வேலை செய்கிறது என்பதை!

குழந்தை தப்பாகப் பேசிப் பேசித்தான் சரியாகிறது. நீ தப்பே வரக்கூடாது என்று வாயை மூடியே வைத்திருக்கிறாய். யார் முன்னே போவார்கள்?

இன்னொன்று கேள். ஒழுங்கில்லாத வினைகளைக் கண்டு திணறியது நீ மட்டும் என்று நினைத்தாயா? இங்கிலீஷ்காரனே திணறினான்!

பழைய ஆங்கிலத்தில் இருந்த 177 ஒழுங்கற்ற வினைகளைப் பட்டியலிட்டுப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2007இல் 'நேச்சர்' இதழில் வந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றில் 145தான் ஒழுங்கற்றவையாக மிஞ்சின. இன்றைக்கு 98. மற்றவை எங்கே போயின? வாலில் 'ஈடி' ஒட்டிக்கொண்டு ரெகுலர் வெர்பாகிவிட்டன! ஹெல்ப் என்பதற்கு ஒரு காலத்தில் ஹோல்ப் என்றுதான் இறந்தகாலம். இன்று? ஹெல்ப்ட்!

புதிதாகப் பிறக்கும் வினைகளும் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் சேர்கின்றன. கூகுள்ட். டவுன்லோடட். மெசேஜ்ட். இங்கிலீஷ் ஓடிக்கொண்டிருக்கும் திசையே நீ கற்க வேண்டிய திசைதான். இதற்கு மேலும் என்ன சாக்கு?

"எனக்கு வயதாகிவிட்டது."

ஏழு வயதில் இங்கிலாந்துக்குப் போய், பதினான்கு ஆண்டு அங்கேயே வளர்ந்தவர் அரவிந்தர். 1910 ஏப்ரல் 4 அன்று இந்த ஊரில் வந்து இறங்கியபோது அவருக்கு 37 வயது. கிரேக்கமும் லத்தீனும் கரைத்துக் குடித்த மனிதர். இதெல்லாம் போதும் என்று உட்கார்ந்தாரா? தமிழைக் கற்க முனைந்தார்! பாரதியின் துணையோடு கற்றார். குறளையும் ஆழ்வார் பாடல்களையும் ஆங்கிலத்தில் தரும் அளவுக்குப் போனார்.

முப்பது வினை வடிவத்தை 37 வயதுக்கு மேல் ஒருவர் கற்றார். நான்கு வடிவத்துக்கு உனக்கு வயது தடையா?

"எனக்குத் தமிழ்ப்பற்று உண்டு. இங்கிலீஷ் எதற்கு?"

பாரதியைவிட உனக்குப் பற்று அதிகமோ? 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் வாழ்ந்த மனிதர். ஆங்கிலக் கல்வி முறையைக் கடுமையாகச் சாடியவர். அதே பாரதி, இங்கே இருந்துகொண்டே ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினார். ஹிந்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். 1914இல் பொன்வால் நரியைப் பற்றி ஆங்கிலத்திலேயே ஒரு நையாண்டிக் கதை வெளியிட்டார். பிரெஞ்சும் கற்றார்.

தமிழுக்கு அதனால் ஏதாவது குறைந்ததா? உன் சோம்பலுக்குத் தமிழைக் கேடயமாகப் பிடிக்காதே! தமிழ் அதற்காகப் பிறந்த மொழி இல்லை.

"நேரமில்லை."

வா, இந்த ஊரின் மிகப் பெரிய எழுத்து உழைப்பாளி ஒருவரைப் பார். ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவின் தலைமைத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். ஒரு பக்கம் வியாபாரம். ஒரு பக்கம் கவர்னர் மாளிகை. நடுவில் போர், முற்றுகை, சூழ்ச்சி. இத்தனைக்கும் நடுவில் 1736இல் தொடங்கி 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். இருபத்தைந்து ஆண்டு! அந்த நாட்குறிப்பிலிருந்துதான் எழுத்தாளர் பிரபஞ்சன் நாவல்கள் படைத்தார். அவற்றில் 'வானம் வசப்படும்' 1995இல் சாகித்திய அகாதமி விருதே பெற்றது.

உனக்கு அவரைவிட வேலை அதிகமா? சொல்!

நாட்குறிப்பு என்றால் என்ன? இன்று நடந்ததை இன்றே எழுதுவது. வரிக்கு வரி இறந்தகாலம்! 'ஈடி'க்கு இதைவிடப் பெரிய பயிற்சிக்கூடம் உண்டா?

தினமும் ஐந்து வரி எழுது. ஐ ஒர்க்ட் டில் சிக்ஸ். ஐ ஹெல்ப்ட் மை மதர். ஐ கால்ட் மை ஃப்ரெண்ட். ஐ வாட்ச்ட் எ மூவி. ஐ லேர்ண்ட் ஒன் வேர்ட். முடிந்தது! ரீல்ஸ் பார்க்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு ஆகுமா இதற்கு?

எழுதியதை வாயால் சொல். எங்கே போய்ச் சொல்வது? பீச் ரோடு எதற்கு இருக்கிறது? மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி வராது. அலைச் சத்தத்தில் உன் சத்தம் யாருக்கும் கேட்காது.

டூப்ளே சிலையிலிருந்து காந்தி சிலை வரை நேற்று செய்ததைச் சொல்லிக்கொண்டே நட. காந்தி சிலையிலிருந்து தலைமைச் செயலகம் வரை இப்போது செய்துகொண்டிருப்பதைச் சொல். திரும்பி வரும்போது நாளை செய்யப்போவதைச் சொல்.

முதல் நாள் உளறுவாய். இரண்டாம் நாளும் உளறுவாய். உளறு! உளறாமல் எவனும் பேசியதில்லை. ஒரு நாள் உன்னை அறியாமலேயே 'ஹி'க்குப் பின்னால் எஸ் தானாக வந்து உட்காரும். அன்றைக்குத் தெரியும், நீ பயந்தது எவ்வளவு அற்பமான விஷயத்துக்கு என்று.

லாஸ்பேட்டையில் இருக்கிறாயா? முத்தியால்பேட்டையா? வில்லியனூரா? எங்கே இருந்தால் என்ன? பேனா இருக்கிறது. வாய் இருக்கிறது. வினை வடிவம் நான்குதான்.

நாளைக்கு என்று சொல்லாதே. ஐ வில் ஸ்டார்ட் என்று எத்தனை வருஷம் சொல்வாய்? அந்த வில்லை வெட்டி எறி!

எடு பேனாவை. இன்றைய தேதியைப் போடு. அதற்குக் கீழே முதல் வரி: டுடே ஐ ஸ்டார்ட்டட்.

எழுது!